லாவெண்டர், கொஞ்சம் தூக்கல்

மெழுகம்மாவுக்கு மூக்கு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. முகத்தில் இருக்கிற மூக்கு அதன் இடத்திலேயே, கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, குறையில்லாமல் இருந்தது. போனது அதன் வேலை. ஒரு காய்ச்சல் வந்தது, ஐந்து நாள் தங்கியது, கிளம்பும்போது வாசனையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆறாம் நாள் காலையில் அவள் குளியல் சோப்பை எடுத்து முகர்ந்தாள். சோப்பு வழவழப்பாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், போனால் போகட்டும், குப்பை வண்டியைக் கடக்கும்போது நிம்மதி என்று விட்டுவிடலாம். இவள் பிழைப்பே வாசனைதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய கடையில் வாசனைத் திரவியப் பகுதியில் நின்று விற்றவள். கடந்த பன்னிரண்டு வருஷமாகத் தன் சமையலறையிலேயே சோயா மெழுகில் வாசனை மெழுகுவத்தி செய்து விற்பவள். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யாருக்கும் அவள் சொந்தப் பெயர் நினைவில்லை. தபால்காரர்கூட மெழுகம்மா என்றுதான் கூப்பிடுவார்.

எட்டு மாதமாக அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனதைக்கூடப் பல் வலி என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். டாக்டர் அவள் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்வதற்கு எத்தனை வருஷம் படித்தாரோ தெரியவில்லை.

மூக்கு இல்லாமல் மெழுகுவத்தி செய்ய முடியுமா என்றால், முடியும். தராசும் வெப்பமானியும் இருந்தால் போதும். சோயா மெழுகு செதில் செதிலாகப் பையில் வரும். அதை உருக்கி, எழுபது டிகிரியில் வாசனை எண்ணெய் சேர்க்க வேண்டும், நூறு பங்குக்கு எட்டுப் பங்கு. கலக்கி, ஐம்பத்தைந்து டிகிரிக்கு ஆறியதும் கண்ணாடி ஜாடிகளில் ஊற்ற வேண்டும். மூடி போட்டு இரண்டு வாரம் ஊற விட வேண்டும். அதற்கப்புறம் ஒன்றை ஏற்றிப் பார்க்க வேண்டும். முதல் தடவை ஏற்றும்போது மேல் மெழுகு விளிம்பு வரை முழுவதும் உருகும் முன்னால் அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் அடுத்த தடவையும் அந்த வட்டத்துக்குள்தான் உருகும், நடுவில் குழி விழுந்துவிடும். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். இதெல்லாம் கையும் கண்ணும் பார்க்கிற வேலை. கடைசியில், வாசனை எப்படி இருக்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் மெழுகம்மா தன் கணவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள்.

கணவருக்கு வேலை தீயணைப்பு சிலிண்டர் பரிசோதனை. அலுவலகம் அலுவலகமாகப் போய், சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, தேதி போட்ட அட்டையைக் கட்டிவிட்டு வருவார். நாளெல்லாம் நெருப்பு வரக்கூடாது என்று அலைந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் மனைவி மேஜையில் நெருப்பை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இதை ஆரம்பித்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் நாலு சிலிண்டரோடு வந்தார். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் நாலு சிலிண்டர். ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. மெழுகம்மா முதல் மாதம் தினமும் அதில் இடித்துக்கொண்டாள்.

அவர் மூக்கு சாதாரண மூக்கு இல்லை என்பது அவளுடைய திடமான நம்பிக்கை. அதற்குக் காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த கடைக்கு, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சிலிண்டரைச் சோதிக்கத்தான் அவர் முதலில் வந்தார். அவள் சும்மா இருக்காமல் ஒரு காகித நாடாவில் வாசனையைத் தெளித்து நீட்டி, அது என்ன, எப்படிப்பட்டது என்று விளக்கினாள். அவர் நாடாவை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டார். "நல்லா இருக்கு" என்றார். ஒரு பாட்டில் வாங்கினார். அடுத்த வாரம் மறுபடி சிலிண்டரைச் சோதிக்க வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஏழு வாரத்தில் ஏழு தடவை சோதிக்கப்பட்ட சிலிண்டர் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். ஏழு பாட்டில் வாங்கினார். எட்டாவது வாரம் அவளையே கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாசனை தெரியாமல் இருக்குமா? எனவே காய்ச்சலுக்கு அப்புறம் அவள் ஒரு நோட்டை வாங்கினாள். ஒவ்வொரு முறை ஜாடியை ஏற்றும்போதும் அவரை எதிரில் உட்கார வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சுடரைப் பார்ப்பார். நிதானமாகச் சொல்வார். "நல்லா இருக்கு" என்பார். "கொஞ்சம் தூக்கல்" என்பார். "கொஞ்சம் கம்மி" என்பார். தூக்கல் என்றால் அவள் அடுத்த பாத்திரத்தில் எண்ணெயை ஏழு பங்காகக் குறைத்தாள். கம்மி என்றால் ஒன்பதாக ஏற்றினாள். ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனிதர் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுக்கு உள்ளூர இருந்த பயம் வேறு. வாசனை வராததுகூடப் பழகிவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் நினைத்துப் பார்த்தாலும் வருவதில்லை. லாவெண்டர் என்று புட்டியில் எழுதியிருக்கும். படிப்பாள். எழுத்துதான் இருந்தது, அதற்குப் பின்னால் இருந்தது காணாமல் போய்விட்டது. வாசனையை மறந்தவள் வாசனை விற்பது என்ன நியாயம் என்று ஒருநாள் பாத்திரம் கழுவும்போது தோன்றியது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வீட்டுச் சாமான் கடையிலிருந்து போன் வந்தது. எல்லா ஊரிலும் கிளை உள்ள கடை. கொள்முதல் அதிகாரி நேரில் வந்து பார்த்து, பிடித்திருந்தால் அவள் ஜாடிகளுக்கென்று ஒரு தட்டு ஒதுக்குவார்களாம். மெழுகம்மா மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். முன்பின் தெரியாத ஒரு மூக்கு வந்து முகர்ந்து, சரி என்று சொன்னால் தொடர்வது. இல்லை என்றால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது. கணவரிடம், "நல்ல வாய்ப்பு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த போன் வந்த நேரம்தான் கெட்ட நேரம். அடுப்பில் லாவெண்டர் பாத்திரம் இருந்தது, பன்னிரண்டு ஜாடிக்கான மெழுகு. எழுபது டிகிரி வந்துவிட்டது. அவள் எண்ணெய்ப் புட்டியை எடுத்து மேடையில் வைத்தாள், போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பி வந்தவள் காற்றில் மிதந்துகொண்டிருந்தாள். கலக்கினாள், ஆற விட்டாள், ஊற்றினாள். பன்னிரண்டாவது ஜாடி கொஞ்சம் குறைவாக நிரம்பியது. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை மாடி வீட்டிலிருந்து நாத்தனார், கணவரின் அக்கா, இறங்கி வந்தார். மெழுகு ஊற்றுகிற நாளெல்லாம் தவறாமல் இறங்கி வந்து, "இன்னைக்கு என்னத்தைக் கொளுத்தற? தலை பிளக்குது" என்று சொல்வது அவர் வழக்கம். அன்று வந்து, "ஏன், இன்னைக்கு வேலை இல்லையா?" என்று கேட்டார். நாத்தனாருக்கு வயசாகிவிட்டது என்று மெழுகம்மா இரக்கப்பட்டாள்.

இரண்டு வாரம் ஊறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பன்னிரண்டில் ஒன்றை ஏற்றிக் கணவரை உட்கார வைத்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "கொஞ்சம் தூக்கல்" என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

அதோடு நோட்டீஸ் ஒன்றும் தேவைப்பட்டது. வீட்டுக்கு இதனால் என்ன நன்மை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கடையில் கேட்டிருந்தார்கள். எழுத்து வேலை கணவருடையது. அவர் அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறவர், பொய் எழுத வராது என்று பெயர் வாங்கியவர். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதி, மடித்து, உறையில் போட்டுக் கொடுத்தார். மெழுகம்மாவுக்கு இருந்த படபடப்பில் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அதிகாரி வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் பை, மரியாதையான பேச்சு. சமையலறையைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், சிலிண்டர்களை எண்ணினாள். மெழுகம்மா ஒரு லாவெண்டர் ஜாடியை மேஜையில் வைத்து ஏற்றினாள்.

"லாவெண்டர். மனசுக்கு இதமா இருக்கும். மென்மையான வாசனை. புத்துணர்ச்சி தரும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கூசியது. எந்தக் கடை அட்டையிலும் இருக்கிற வார்த்தைகள். ஒரு காலத்தில் இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள் அவள்.

அதிகாரி தலையாட்டினாள். அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நடுவே அதிகாரி நாற்காலியை மேஜைக்குக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம். மூக்கை உறிஞ்சினாள், கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள், தன் மணிக்கட்டை முகர்ந்து பார்த்தாள். கடைசியில் எழுந்து குனிந்து ஜாடிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோனாள். முன்முடி ஒரு இழை பொசுங்கியது. அந்த வாசனை மட்டும் அவளுக்கு நன்றாக வந்தது போலிருக்கிறது, சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல வாசனையே இல்ல."

மெழுகம்மா ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். அதிகாரி சங்கடத்தை மறைக்க, மேஜையில் இருந்த உறையைப் பிரித்து நோட்டீஸைப் படித்தாள். வாய்விட்டுத்தான் படித்தாள்.

"சோயா மெழுகுவத்தியால் வீட்டுக்கு உண்டாகும் நன்மைகள். இது குறைந்த சூட்டில் உருகி மெதுவாக எரியும். ஒரு ஜாடி நாற்பது மணி நேரம் வரும், எரித்துப் பார்த்தது. கரி குறைவு. கரியே வராது என்று சொல்வதற்கில்லை, திரியை ஒவ்வொரு தடவையும் வெட்டாவிட்டால் வரும். மேஜைத் துணியில் சிந்தினால் வெந்நீரும் சோப்பும் போதும். மின்சாரம் போனால் வெளிச்சம் தரும். தீர்ந்த பிறகு ஜாடியைக் கழுவிப் பொத்தான் போட்டு வைக்கலாம். மன அமைதி கிடைக்குமா என்பது அந்தந்த வீட்டில் இருப்பவர்களைப் பொறுத்தது. திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நோட்டீஸ் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா வாசனை மெழுகுவத்திக்கு வாசனையத் தவிர எல்லா நன்மையும் எழுதியிருக்கீங்க" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மூணு வாரம் கழிச்சு ஒரு தடவ வரேன். வேற ஜாடி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசு. அவமானப்படுத்தாமல் போகிறவர்கள் குறைவு.

மெழுகம்மா நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். வெனிலாப் புட்டிக்குப் பின்னால் லாவெண்டர் புட்டி நின்றது. அன்று மேடையைத் துடைக்கும்போது அவளே எடுத்து உள்ளே வைத்திருக்கிறாள். மூடியின் சீல் உடைக்கப்படவில்லை. மறந்தது அவள் தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் சீல் உடைக்காத புட்டியிலிருந்து "கொஞ்சம் தூக்கல்" எப்படி வந்தது?

மேஜைக்கு வந்தாள். ஜாடி எரிந்துகொண்டிருந்தது. முதல் தடவை என்பதால் அணைக்கவும் மனம் வரவில்லை. வாசனையே இல்லாத ஜாடிக்கு என்ன குழி, என்ன விளிம்பு என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. நோட்டீஸை எடுத்து மறுபடி படித்தாள். வெளிச்சம் இருந்தது, கரி இருந்தது, பொத்தான் இருந்தது. பொய் எழுத வராத மனிதர் எழுதியது. தெரியாததை எழுதாமல் விட்டிருக்கிறார்.

பிறகு நோட்டை எடுத்தாள். நல்லா இருக்கு, கொஞ்சம் தூக்கல், கொஞ்சம் கம்மி. நல்லா இருக்கு, கொஞ்சம் தூக்கல், கொஞ்சம் கம்மி. பக்கத்தைத் திருப்பினாள். எலுமிச்சை, வெனிலா, மழை, எதுவானாலும் சரி, மூன்றும் வரிசை தவறாமல் வந்துகொண்டிருந்தன. எட்டு மாதத்தில் ஒரு இடத்தில்கூட வரிசை மாறவில்லை. மனிதர் ஒழுங்கானவர்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் வந்தது அவளுக்கு. இருபத்திரண்டு வருஷம். ஏழு பாட்டில். எட்டு மாதப் பொய்யை மடியில் கட்டிக்கொண்டு இருக்கிறவள் அடுத்தவர் பொய்யின் மேல் இப்படிப் பாயலாமா என்று யாராவது கேட்டிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லை.

நாலரை மணிக்குக் கணவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். வழக்கம்போல நேராக அடுப்பிடம் போய், கேஸ் குமிழ் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். இந்த வீட்டில் அவர் உள்ளே வந்தால் முதலில் தொடுவது அதைத்தான், பொண்டாட்டியைக்கூட அப்புறம்தான் என்று நாத்தனார் கேலி செய்வதுண்டு. காய்ச்சலுக்கு அப்புறம் மெழுகம்மாவும் அதே குமிழைப் போகும்போதும் வரும்போதும் தொட ஆரம்பித்திருந்தாள். ஒரே குமிழை இரண்டு பேர் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்த வீடு அது. ஏன் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"என்ன, டெஸ்டா?" என்றார் ஜாடியைப் பார்த்து.

"ஆமா. உக்காருங்க."

உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். மெழுகம்மா நோட்டைத் திறந்து, தேதி போட்டு, அவர் வாயைத் திறக்கும் முன்பே ஒரு வரி எழுதி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"எப்படி இருக்கு?"

அவர் சுடரைப் பார்த்தார். நிதானமாக, பொறுப்பாக யோசித்தார். "கொஞ்சம் கம்மி" என்றார்.

உள்ளதைச் சொன்னால், எட்டு மாதத்தில் அவர் சொன்னதிலேயே உண்மைக்கு மிகக் கிட்டே வந்தது அதுதான். மெழுகம்மா கையை எடுத்தாள். அவர் குனிந்து படித்தார். 'கொஞ்சம் கம்மி' என்று எழுதியிருந்தது.

"அடுத்தது 'நல்லா இருக்கு'" என்றாள் அவள். "அதுக்கடுத்தது 'தூக்கல்'. இது அதே லாவெண்டர்தாங்க, ஞாயித்துக்கிழமை தூக்கலா இருந்தது. இதுல வாசனை எண்ணெயே இல்ல. நான் ஊத்த மறந்துட்டேன். புட்டி சீல்கூட உடைக்கல."

அவர் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்போல விழிக்கவில்லை. அவருக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. எங்காவது ஏதாவது பற்றிக்கொண்டால், எது முதலில், எது பிறகு என்று வரிசையாகக் கேட்டுத்தான் அறிக்கை எழுதுவார். அந்தப் பழக்கத்தில் கேட்டார்.

"எப்ப ஊத்தின?"

"போன் வந்த அன்னைக்கு."

"ஊத்தும்போது வாசனை வரலன்னு உனக்குத் தெரியலையா?"

மெழுகம்மா நோட்டை மூடினாள்.

"மூடி போடும்போது?" என்றார். "ஞாயித்துக்கிழமை ஏத்தினப்ப? மூணு மணி நேரம் நீயும் பக்கத்துலதான இருந்த?"

அவருக்காகப் பார்த்துப் பார்த்து வெட்டிய குழியில் அவளே போய் விழுந்தாள். அவர் அதைப் பார்த்ததும், கேள்வியை நிறுத்திவிட்டார். மாடியில் நாத்தனார் எதையோ இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு நாளா?" என்றார், மெதுவாக.

"எட்டு மாசம். அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம்."

"பல் வலின்னு போனியே."

"பல் இல்ல."

"ம்."

"உங்களுக்கு?"

"நாப்பத்தொம்பது வருஷம்" என்றார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அவள் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். "ஒரு நாள்கூட சொல்லணும்னு தோணலையா?"

"வேலையே வாசனைன்னு இருக்கறவகிட்ட என்னன்னு சொல்றது. முதல் நாளே சொல்லியிருக்கணும். முதல் நாள் விட்டுட்டா அப்பறம் நாளே கிடைக்கல." நோட்டைக் காட்டினார். "முன்னெல்லாம் நீ ஒப்புக்குக் கேப்ப, நான் ஒப்புக்குச் சொல்வேன். எட்டு மாசமா நோட்டோட வந்து நின்னா நான் என்ன பண்றது? எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னு சொன்னா சந்தேகப்படுவன்னு மூணா வச்சுக்கிட்டேன்."

"அந்த ஏழு பாட்டில்?"

"பீரோ மேல் தட்டுல இருக்கு. திறக்கல."

"அப்பறம் எதுக்கு வாங்கினீங்க?"

"வாங்காம அங்க நின்னுட்டே இருக்க முடியாதே."

அவள் முறைத்தாள். அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் தொடர்ச்சியாக இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"எட்டு வயசுல, பால் காயுது பாத்துக்கடான்னு அக்கா சொல்லிட்டுப் போச்சு. நான் பக்கத்து ரூம்ல படிச்சிட்டு இருந்தேன். பால் தீஞ்சு, பிடித்துணி பத்தி, புகை கண்ணுல பட்டப்பத்தான் எழுந்தேன். எல்லாரும் வந்து கேட்டாங்க, மூக்குல என்னடா வச்சிருக்கேன்னு. அப்பத்தான் தெரிஞ்சுது, மத்தவங்களுக்கு மூக்குல ஏதோ தெரியுதுன்னு. என்ன தெரியுதுன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. நல்லா இருக்கும்பாங்க, நாறுதும்பாங்க. ரெண்டே வார்த்தை. அத வச்சு நான் என்ன புரிஞ்சுக்கறது? முப்பது வயசுக்குக் கிட்ட, அந்தக் கடையில நீதான் முதல் முதல்ல உக்கார வச்ச மாதிரி விளக்கிச் சொன்ன. அதக் கேக்கத்தான் வந்தேன். வாராவாரம் ஒண்ணு சொன்ன. ஏழு தெரிஞ்சுக்கிட்டேன்."

மெழுகம்மாவின் கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் இல்லை. வேறொரு கேள்வி எழுந்தது. கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"லாவெண்டர் எப்படி இருக்கும்னு சொன்னேன்?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "துவைச்சுக் காஞ்ச துணிய சாயங்காலம் மடிக்கறோம்ல. மடிப்புக்குள்ள கொஞ்சம் வெயில் மாட்டிக்கிட்டு இருக்கும். அத மறுநாள் பிரிச்சு முகத்துக்கிட்ட கொண்டுபோற மாதிரி. ஆனா ஒரு ஓரத்துல மட்டும் மருந்துக்கடை. அப்படின்னு சொன்ன."

ஒரு ஓரத்தில் மட்டும் மருந்துக்கடை. மெழுகம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எட்டு மாதமாக வெறும் எழுத்தாக இருந்த லாவெண்டர், எங்கே தொலைத்தோம் என்று அவள் தேடிக்கொண்டிருந்த லாவெண்டர், முழுசாக வந்து அந்த மேஜையில் இருந்தது. அது இத்தனை வருஷமும் இந்த மனிதரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எலுமிச்சை?" என்றாள்.

"யாரோ ஜன்னலப் பட்டுனு திறந்த மாதிரி."

"வெனிலா?"

"வெளிய எங்கயும் போக வேண்டாம்னு சொல்ற மாதிரி."

"மழை?"

"அது ரெண்டு தடவ சொல்லியிருக்க. ரெண்டும் வேற வேற." அவருக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை இருந்தது தெரிந்தது. "முதல்ல, சூடான கல்லு மூச்சு விடற மாதிரின்னு. நாலு வாரம் கழிச்சு, யாரோ வீட்டுக்கு வரப்போற மாதிரின்னு. எது சரி?"

"ரெண்டும்தான்."

"சரி" என்று ஏற்றுக்கொண்டார்.

அவள் நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். அவர் சொல்லச் சொல்ல ஏழையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "நாளைக்கு லாவெண்டர் ஊத்தறேன். மூணு வாரத்துக்குள்ள ஊறிடும்" என்றாள். "ஆனா மூக்குக்கு ஒரு ஆள் வேணுமே."

இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"அக்கா தலை வலிக்குதுன்னுதான் சொல்லும்" என்றார்.

"லேசா வலிக்குதுன்னா சரியா இருக்கு. பிளக்குதுன்னா தூக்கல். எனக்கு அது போதும். அன்னைக்கு இறங்கி வந்து வேலை இல்லையான்னு கேட்டாங்க, எனக்குத்தான் புரியல."

"நோட்டீஸ மாத்தி எழுதணும்."

"இந்த ஏழையும் மேல சேத்துக்கலாம். பொத்தான எடுக்க வேண்டாம்."

"வேண்டாம்" என்றார், கொஞ்சம் நிம்மதியாக.

ஐந்தேகால் ஆகியிருந்தது. மெழுகு விளிம்பு வரை முழுவதும் உருகி, குழி விழாமல் சமமாக நின்றது. அவர் ஊதி அணைக்கிறவர் இல்லை, ஊதினால் பொறி பறக்கும். மூடியை எடுத்து ஜாடியின் மேல் வைத்தார். சுடர் குறுகி, நீலமாகி, அடங்கியது. மூடியைத் திறந்தார். திரியிலிருந்து ஒரு இழை புகை எழுந்து, இருவருக்கும் நடுவில் வளைந்து, ஜன்னல் பக்கம் போனது.

"இது எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"எது?"

"இது. அணைச்ச உடனே வரது. இத நீ சொன்னதே இல்ல."

சொன்னதில்லைதான். அதை யாரும் புட்டியில் அடைத்து விற்பதில்லை. மெழுகம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தேட வேண்டியிருந்தது. கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆனால் இருந்தது.

"வீடு நிறைய ஆள் வந்திருப்பாங்கல்ல" என்றாள். "எல்லாரும் கிளம்பி, கடைசி ஆளையும் வழியனுப்பிட்டு, கதவச் சாத்திட்டுத் திரும்பறோம். அப்ப வீட்டுக்குள்ள மிச்சம் ஒண்ணு நிக்கும் பாருங்க. அது."

அவர் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.